தீ இல்லை, ஸ்பிரிங்க்ளர் கொட்டுகிறது: கட்டடப் பராமரிப்பாளர்களுக்கு அறிகுறிவாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

குழாய் முழுவதும் எந்நேரமும் அழுத்தத்துடன் நீர் நிற்கும் ஸ்பிரிங்க்ளர் அமைப்புள்ள கட்டடங்களை மனத்தில் வைத்து இந்த வழிமுறையை எழுதுகிறேன். சென்னையின் உயர்மாடிக் குடியிருப்புகளிலும் ஐ.டி. வளாகங்களிலும் வணிக வளாகங்களிலும் பெரும்பாலும் இருப்பது இந்த வகைதான். கீழே ஒரு பம்ப் அறை, அதில் அழுத்தத்தைத் தக்கவைக்கும் சிறிய ஜாக்கி பம்ப், அது சமாளிக்க முடியாதபோது தானாக ஓடத் தொடங்கும் மெயின் பம்ப், மின்சாரம் இல்லாவிட்டால் ஓடுவதற்கு ஒரு டீசல் பம்ப், ஒவ்வொரு தளத்திலும் மாடிப்படியை ஒட்டிய டக்ட்டுக்குள் அந்தத் தளத்துக்கான வால்வு ஆகியவை உங்கள் கட்டடத்தில் இருக்குமானால், கீழே சொல்லப்படும் எல்லாம் உங்களுக்குப் பொருந்தும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்ற வேண்டியிருக்கிறது. ஓரிடத்தில் புகை வந்தால் கட்டடத்தின் எல்லா ஸ்பிரிங்க்ளரும் ஒரே நேரத்தில் கொட்டும் என்று குடியிருப்பவர்களில் பலரும், சில பாதுகாவலர்களும்கூட நினைக்கிறார்கள். ஸ்பிரிங்க்ளர் புகையை அறியாது. அதன் வாயை அடைத்து நிற்பது திரவம் நிரப்பிய ஒரு சிறு கண்ணாடிக் குப்பி. பணியாளர்கள் அதை பல்ப் என்பார்கள். குறித்த வெப்பம் வந்தால் திரவம் விரிந்து அந்த பல்ப் உடையும், அந்த ஒரு ஸ்பிரிங்க்ளர் மட்டும் திறக்கும். சிவப்புத் திரவம் 68 டிகிரியிலும், மஞ்சள் 79 டிகிரியிலும், பச்சை 93 டிகிரியிலும், நீலம் 141 டிகிரியிலும் உடைவதற்கானவை. ஏணியோ மூங்கிலோ இடித்தால், எந்த வெப்பமும் இல்லாமலேயே அதே பல்ப் உடைந்துவிடும். தவறுதலான வெளியேற்றங்களில் பெரும்பாலானவற்றை நான் பார்த்தவரையில் மனிதக் கைகளே ஏற்படுத்தியிருக்கின்றன. கருவியின் குறை அரிது.

எவ்வளவு நீர் வரும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது, பதற்றத்தில் சரியான வேகத்தில் இயங்க உதவும். வழக்கமாகப் பொருத்தப்படும் கே-80 வகை (கே எண் என்பது எவ்வளவு நீரை வெளிவிடும் என்பதைக் குறிக்கும் எண்) ஸ்பிரிங்க்ளர் 1 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 80 லிட்டரும், 4 பார் அழுத்தத்தில் 160 லிட்டரும் கொட்டும். பத்து நிமிடம் தாமதித்தால் 1,600 லிட்டர். ஒன்றேகால் மணி நேரம் விட்டுவிட்டால் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று முழுவதும் அந்தத் தளத்தில் இறங்கியதற்குச் சமம்.

அறிகுறி: ஒரு ஸ்பிரிங்க்ளர் கொட்டுகிறது, புகையோ சுவாலையோ கண்ணில் படவில்லை

ஸ்பிரிங்க்ளர் வெப்பத்தால் திறக்கும் கருவி என்பதால், தீ இல்லை என்று உறுதியாகும்வரை தீ இருப்பதாகவே கொள்ள வேண்டும். சிறிய தீயை ஸ்பிரிங்க்ளர் ஓரிரு நிமிடத்தில் அணைத்துவிட்டிருக்கலாம். அப்போது வந்து பார்ப்பவருக்கு அது காரணமில்லாமல் கொட்டுவது போலவே தோன்றும். ஆகவே நீர் விழும் இடத்துக்கு நேர் கீழே மட்டும் பார்த்துத் திரும்பிவிடாமல், குப்பைத்தொட்டி, அடுப்பு, சார்ஜில் இருந்த வண்டி, மின்பெட்டி, சோபாவின் பின்புறம் ஆகிய இடங்களில் கரிந்த தடமோ கரியின் மணமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூட்டிய வீட்டுக்குள்ளோ கடைக்குள்ளோ நீர் கொட்டுகிறது, உள்ளே பார்க்க வழியில்லை என்றால், கதவைத் திறந்து பார்க்கும்வரை வால்வைத் தொடக் கூடாது. பொருட்சேதத்தைக் காரணம் காட்டி யார் வற்புறுத்தினாலும் தொடக் கூடாது. சிறிதளவு ஐயம் இருந்தாலும் 101 அல்லது 112 எண்ணை அழைத்துவிட வேண்டும். வந்து பார்த்துத் திரும்பிப் போவதைத் தீயணைப்புத் துறையினர் குறையாக நினைப்பதில்லை.

தீ இல்லை என்பது கண்ணால் பார்த்து உறுதியான பிறகு, இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்; அதனால் குறைந்தது இருவர் தேவை. ஒருவர் அந்தத் தளத்தின் வால்வுக்குப் போக வேண்டும், மற்றவர் மின்சாரத்துக்கும் லிஃப்ட்டுக்கும் போக வேண்டும். வால்வுக்குப் போகிறவர் டக்ட்டின் சாவியுடன் போக வேண்டும் என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சாவி பராமரிப்பு மேலாளரின் மேசை இழுப்பறையிலும், மேலாளர் வீட்டிலுமாக இருந்த ஓர் இரவில் மூன்று தளங்கள் நனைந்ததை நான் நேரில் பார்த்தேன். சக்கரம் உள்ள பட்டர்ஃபிளை வால்வு என்றால், அதன் தலையிலுள்ள அம்பு மூடிய நிலையைக் காட்டும்வரை சுற்ற வேண்டும். இடையில் இறுகியது போலத் தோன்றினாலும் அம்பைத்தான் நம்ப வேண்டும். கைப்பிடி உள்ள வகை என்றால் கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நிற்கும்போது மூடியிருக்கிறது. தண்டு மேலெழும் கேட் வால்வில், தண்டு வெளியே நீண்டிருந்தால் திறந்திருக்கிறது, உள்ளே இறங்கியிருந்தால் மூடியிருக்கிறது. பெரிய பேஸ்மென்ட்டில் ஒரே தளத்துக்கு இரண்டு மூன்று பகுதிகளும் அவற்றுக்குத் தனித்தனி வால்வுகளும் இருக்கும். எது எந்தப் பகுதிக்கு என்று வால்வின் மேல் தமிழிலும் எழுதி மாட்டியிருக்க வேண்டும்.

பலர் வால்வுக்குப் போகாமல் முதலில் பம்ப் அறைக்கு ஓடி மெயின் பம்ப்பை நிறுத்துகிறார்கள். இது இரண்டு வகையில் தவறு. பம்ப் நின்றாலும், தளங்களினூடே செங்குத்தாக ஏறும் நிலைக்குழாயில் மேலே நிற்கும் நீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும் என்பதால், உயரமான கட்டடத்தின் கீழ்த் தளங்களில் பம்ப் இல்லாமலேயே நல்ல வேகத்தில் கொட்டும், மொட்டை மாடித் தொட்டியும் அந்தக் குழாயுடன் இணைந்திருந்தால் தொட்டி காலியாகும்வரை கொட்டும். அதைவிடப் பெரிய தவறு, பம்ப்பை நிறுத்துவது முழுக் கட்டடத்தின் பாதுகாப்பையும் நிறுத்துவதாகும். தள வால்வை மூடுவது அந்த ஒரு தளத்தின் பாதுகாப்பை மட்டுமே நிறுத்தும். சரியான வரிசை இதுதான்: முதலில் தள வால்வு, அது மூடியதும் பம்ப் அறையில் மெயின் பம்ப்பையும், ஓடிக்கொண்டிருந்தால் டீசல் பம்ப்பையும் கையால் நிறுத்துவது. மெயின் பம்ப் தானாக ஓடத் தொடங்கினாலும் தானாக நிற்காதபடியே அமைக்கப்பட்டிருக்கும், போக வழியில்லாத நீரை அடித்துக்கொண்டே இருந்தால் சூடேறிப் பழுதாகும். நிறுத்திய உடனே பேனலின் திருகியை மீண்டும் ஆட்டோ நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆஃப் நிலையிலேயே மறந்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களால் வாரக்கணக்கில் பாதுகாப்பில்லாமல் நின்ற கட்டடங்கள் உண்டு.

மின்சாரத்துக்குப் போகிறவர், நனைந்த தளத்திலுள்ள மின்பெட்டியை ஈரத்தில் நின்றுகொண்டு தொடவே கூடாது. உலர்ந்த மின் அறையிலிருந்து அந்தத் தளத்துக்கான இணைப்பைத் துண்டிக்க வேண்டும். முழுக் கட்டடத்தின் ஈ.பி. மெயினையே அணைத்தால் ஜெனரேட்டர் சில விநாடிகளில் தானாக ஓடி அதே தளத்துக்கு மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்துவிடும் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். அலுவலகங்களில் யு.பி.எஸ்.ஸும், வீடுகளில் இன்வெர்ட்டரும் ஈ.பி. போன பிறகும் சாக்கெட்டுகளில் மின்சாரத்தை வைத்திருக்கும். நீர், தளங்களினூடே மேலேறும் மின்கம்பிகள் செல்லும் டக்ட்டை நோக்கி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் மணல் மூட்டையோ, சுருட்டிய கம்பளமோ, கையில் கிடைக்கும் எதுவோ வைத்து முதலில் அந்த வாசலை அடைக்க வேண்டும்; நனையும் மேசைகளைக் காப்பது அதற்குப் பிறகுதான். லிஃப்ட்டுகளை நீர் கொட்டும் தளத்துக்கு மேலுள்ள தளம் ஒன்றுக்கு அனுப்பி, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்து அங்கேயே அணைத்துவிட வேண்டும், ஏனெனில் நீர் லிஃப்ட் குழிக்குள்தான் முதலில் இறங்கும்.

வால்வை மூடியவர் அங்கேயே நிற்க வேண்டும். இந்த வழிமுறையில் மிக அதிகமாக மீறப்படும் விதி இது என்பதால் தனியாகச் சொல்கிறேன். நீரை நிறுத்திய அதே கை, அந்தத் தளத்தின் தீப் பாதுகாப்பையும் நிறுத்தியிருக்கிறது. சற்று முன் கவனிக்காமல் விட்ட ஒரு கங்கு எங்கேனும் மீண்டும் பற்றினால், வால்வைத் திறக்க ஓர் ஆள் அங்கே கைபேசியுடன் இருக்க வேண்டும். தளத்தில் இன்னொருவர் தீயணைப்பானுடன் சுற்றி வர வேண்டும். வால்வு மீண்டும் திறக்கப்படும்வரை அந்தத் தளத்தில் வெல்டிங்கோ, கட்டர் வேலையோ, சமையலோ நடக்கக் கூடாது.

அறிகுறி: வால்வை மூடிய பிறகும் நீர் நிற்கவில்லை

ஓட்டத்தின் வேகம் உடனே பாதிக்கு மேல் குறைந்து, பிறகு மெல்ல மெல்ல அடங்குகிறது என்றால் அஞ்ச வேண்டாம்; அது அந்தத் தளத்தின் கிளைக்குழாய்களில் எஞ்சிய நீர். வால்வை ஒட்டியுள்ள வடிகால் வால்வைத் திறந்தால் அந்த நீரின் பெரும்பகுதி அதன் வழியே போய்விடும்.

வேகம் சற்றும் குறையவில்லை என்றால் நீங்கள் மூடியது வேறொரு பகுதியின் வால்வாக இருக்கலாம். வால்வுக்கு அப்பால், தளப் பக்கத்திலுள்ள அழுத்தமானியைப் பாருங்கள். முள் இறங்கியிருந்தும் நீர் அதே வேகத்தில் கொட்டினால் வால்வு தவறானது. அதை உடனே திறந்துவிட்டு அடுத்ததை மூடுங்கள். முள் இறங்கவே இல்லை என்றால் வால்வின் உள்வட்டு சரியாக உட்காரவில்லை. பல ஆண்டுகள் யாரும் அசைக்காத வால்வுகளில் இது நடக்கும். ஒரு முறை முழுவதும் திறந்து மீண்டும் மூடிப் பார்க்கலாம். அப்போதும் கேட்காவிட்டால், அந்த நிலைக்குழாயின் பிரதான வால்வை மூடுவதைத் தவிர வழியில்லை. அப்படிச் செய்தால் எல்லாத் தளங்களும் பாதுகாப்பிழக்கின்றன என்பதால், எல்லாத் தளத்திலும் காவல் வேண்டும், குடியிருப்பவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

வால்வு எட்டாத நேரத்தில் கைகொடுப்பவை இரண்டு மர ஆப்புகள். ஸ்பிரிங்க்ளரின் நீர்வாய்க்கும் அதன் முன்னுள்ள சிதறல் தட்டுக்கும் இடையில், இரு பக்கமிருந்தும் எதிரெதிராகச் செருகித் தட்டினால் ஓட்டம் பெருமளவு நின்றுவிடும். ஐம்பது ரூபாய்கூட ஆகாத இந்த இரண்டு மரத்துண்டுகளைப் பாதுகாவலர் அறையில் வைத்திருங்கள் என்று நான் போகும் இடமெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். ஏணியில் ஏறுகிறவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும், அந்தத் தளத்தின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்ற உறுதியும் வேண்டும்.

அறிகுறி: எந்த ஸ்பிரிங்க்ளரும் திறக்கவில்லை, ஃபால்ஸ் சீலிங்கிலிருந்து நீர் சொட்டுகிறது

மூன்று குழாய்களில் எது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். ஏ.சி. வடிகால் நீர் தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும், ஏ.சி.யை அணைத்தால் சிறிது நேரத்தில் நிற்கும். மேல் வீட்டுக் குளியலறை நீர் பயன்பாட்டைப் பொறுத்து விட்டுவிட்டு வரும். ஸ்பிரிங்க்ளர் குழாயின் நீர் ஆண்டுக்கணக்கில் இரும்புக்குள் தேங்கியது. கறுத்தோ துரு நிறத்திலோ இருக்கும், குழாய்க்கு மரை வெட்டியபோது ஒட்டிய எண்ணெயின் பளபளப்பு மேலே மிதக்கும், அழுகிய நாற்றம் இருக்கும். ஐயமிருந்தால் ஜாக்கி பம்ப்பைக் கவனியுங்கள். கசிவில்லாத அமைப்பில் அது ஒரு நாளில் சில முறையே ஓடும்; மணிக்குப் பல முறை ஓடினால் எங்கோ நீர் போகிறது. தள வால்வை மூடி, தளப் பக்க அழுத்தமானியை அரை மணி நேரம் பார்த்தால் கசிவு அந்தத் தளத்திலா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

குழாயில் ஊசித் துளை விழுந்திருந்தால், கிளாம்ப் போட்டு மூடுவது அன்றைய இரவுக்கு மட்டும்தான். குழாயின் மேற்பகுதியில் சிக்கிய காற்றும் அதன் கீழுள்ள நீரும் சந்திக்கும் கோட்டில்தான் இரும்பு அரிக்கிறது, ஒரு துளை விழுந்த இடத்தின் அருகில் இன்னும் சில காத்திருக்கும். உப்புக் கலந்த போர்வெல் நீரால் நிரப்பிய கடலோரக் கட்டடங்களில் இது விரைவாக நடக்கும். ஒவ்வொரு முறை வடித்து நிரப்பும்போதும் புதிய ஆக்சிஜன் உள்ளே போவதால், தேவையில்லாமல் வடிப்பதும் கேடுதான்.

அறிகுறி: அலாரம் அடிக்கிறது, மெயின் பம்ப் ஓடுகிறது, எங்கும் நீர் இல்லை

எங்கும் இல்லை என்று சொல்லும் முன், பூட்டிய வீடுகள், மொட்டை மாடி அறைகள், பேஸ்மென்ட்டின் கோடிகள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். பிறகு தளந்தோறும் உள்ள சோதனை மற்றும் வடிகால் வால்வுகளைத் தொட்டுப் பாருங்கள். கடைசியாகச் சோதனை செய்தவர் ஒன்றை முழுவதும் மூடாமல் போயிருப்பது அடிக்கடி நடப்பது. நம் கட்டடங்களில் ஹைட்ரண்ட் (தீயணைப்புக் ஹோஸை மாட்டும் வாய்) குழாயும் ஸ்பிரிங்க்ளர் குழாயும் பெரும்பாலும் ஒரே பம்ப்புகளைப் பகிர்வதால், கார் கழுவ யாரேனும் ஹைட்ரண்ட்டைத் திறந்திருந்தாலும் மெயின் பம்ப் ஓடும். இவை எதுவும் இல்லையென்றால் ஜாக்கி பம்ப் ஓடுகிறதா, அதன் பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அது நின்றுபோனால் இயல்பான சிறு கசிவே அழுத்தத்தை மெயின் பம்ப் ஓடும் அளவுக்கு இறக்கிவிடும். அலாரத்தை மட்டும் அணைத்துவிட்டுப் படுக்கப் போவது, அடுத்த முறை உண்மையான அலாரத்தையும் அணைக்கும் பழக்கமாக மாறுகிறது.

அறிகுறி: அதே இடத்தில் சில நாட்களில் மீண்டும் திறக்கிறது

இது தற்செயல் அல்ல. கழற்றிய ஸ்பிரிங்க்ளரைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அது பதில் சொல்லும். பல்பைச் சுற்றியுள்ள சட்டக் கைகள் வளைந்தோ, சிதறல் தட்டு நெளிந்தோ, கீறலோ இருந்தால் எதுவோ இடித்திருக்கிறது அல்லது எதையோ அதில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு குடியிருப்பின் விழாக் கூடத்தில், சீமந்தத்துக்குத் தோரணம் கட்டியவர்கள் கயிற்றை ஸ்பிரிங்க்ளரில் முடிந்து இழுத்ததைப் பார்த்திருக்கிறேன். உள்ளே வந்திருந்த கர்ப்பிணிப் பெண்ணும் வயதானவர்களும் கறுப்பு நீரில் நனைந்து வழுக்கும் தரையில் வெளியேறியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. தோரணம் கட்ட சுவரில் நான்கு கொக்கிகள் அடித்துக் கொடுத்திருந்தால் அது நடந்திருக்காது.

இடித்த தடமே இல்லையென்றால் வெப்பத்தைத் தேடுங்கள். ஸ்பிரிங்க்ளரின் வெப்ப அளவு, அது இருக்கும் இடத்தின் மிக உயர்ந்த இயல்பு வெப்பத்தைவிடக் குறைந்தது 30 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். 68 டிகிரி சிவப்பு பல்ப் என்றால் அந்த இடம் 38 டிகிரியைத் தாண்டாததாக இருக்க வேண்டும். சென்னையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் மே மாத நாட்கள் உண்டு. தகரக் கூரையின் அடியிலும் கண்ணாடிக் கூரையின் அடியிலும் தேங்கும் காற்றின் வெப்பம் அதற்கும் வெகு மேலே போகும். ஜெனரேட்டர் அறை, உணவகச் சமையலறை, நீராவி அறை, மாடியில் தகரம் போட்ட உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றில் மற்ற இடங்களுக்கு வாங்கிய அதே சிவப்பு பல்பைப் பொருத்தியிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். வெப்பத்தை ஒரு முழுப் பகலுக்கு அளந்து பார்த்து, அதற்கேற்ற மஞ்சளையோ பச்சையையோ நீலத்தையோ பொருத்த வேண்டும்.

ஓட்டலின் உறைநிலை அறைகளில் மட்டும் காரணம் எதிர்மாறானது: நீர் உறைந்து விரிந்து ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிடும், பனி உருகும்போது கொட்டும். அங்கே நீர் நிற்கும் குழாயே இருக்கக் கூடாது.

அறிகுறி: நீர் நின்றுவிட்டது; கூரை தொய்கிறது, சுவர் மணக்கிறது

நனைந்த ஜிப்சம் பலகை கனத்தில் தானாக விழும், எனவே அதன் கீழே யாரையும் விடாமல் முதலில் அதை இறக்கிவிட வேண்டும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். நனைந்த மின்பெட்டிகளை மின்பணியாளர் மின்கசிவைக் கண்டறியும் மெக்கர் கருவியால் சோதிக்கும் வரை இணைக்கக் கூடாது.

துடைக்கத் தொடங்கும் முன் படமெடுங்கள், உடைந்த ஸ்பிரிங்க்ளரைத் தேதியெழுதிய உறையில் வையுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே சொல்லுங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீட்டில் தானியங்கி ஸ்பிரிங்க்ளர் கசிவால் வரும் இழப்பு அடங்கும். ஆனால் கட்டடத்தில் நடந்த பழுதுபார்ப்பு அல்லது மாற்றம், ஸ்பிரிங்க்ளர் அமைப்பையே பழுதுபார்த்தல், அகற்றல், விரிவாக்கம், முன்பே தெரிந்திருந்த கட்டுமானக் குறை ஆகியவற்றால் வந்த கசிவு அதில் விலக்கப்பட்டிருக்கிறது. பெயின்ட் அடிப்பவரோ உள்ளலங்காரம் செய்பவரோ இடித்துவிட்டால் காப்பீடு கைவிடக்கூடும் என்பதே இதன் பொருள். ஆகவே வீட்டுக்குள் அத்தகைய வேலைக்கு அனுமதி கொடுக்கும்போதே, ஸ்பிரிங்க்ளர் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதை அசோசியேஷன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: புதிய ஸ்பிரிங்க்ளர் போட்டு வால்வைத் திறந்ததும் குழாய் அதிர்கிறது, அலாரம் மீண்டும் அடிக்கிறது

முதலில் பொருத்தியது சரியா என்று பாருங்கள். பழையதன் வெப்ப அளவும், கே எண்ணும், கீழ்நோக்கியதா மேல்நோக்கியதா பக்கச்சுவருக்கானதா என்பதும் ஒத்திருக்க வேண்டும். வேறிடத்தில் கழற்றியதையோ, பெயின்ட் படிந்ததையோ, பல்புக்குள் காற்றுக் குமிழி பெரிதாகி அல்லது திரவம் காணாமல் போனதையோ ஒருபோதும் பொருத்தக் கூடாது. ஸ்பிரிங்க்ளருக்கென்றே உள்ள திருகு சாவியால்தான் முடுக்க வேண்டும். பைப் ரெஞ்ச்சைச் சட்டக் கையில் போட்டு முறுக்கினால் பல்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், அது என்றைக்கோ ஒரு நள்ளிரவில் கொட்டும். அமெரிக்கத் தர விதி, 300-க்கும் குறைவான ஸ்பிரிங்க்ளர் உள்ள கட்டடத்தில் 6, 300 முதல் 1,000 வரை 12, அதற்கு மேல் 24 உதிரிகளையும் அந்தத் திருகு சாவியையும் பெட்டியில் வைத்திருக்கச் சொல்கிறது. இங்கும் அதைப் பின்பற்றலாம்.

அதிர்வுக்குக் காரணம் காலியான குழாயில் அடைபட்ட காற்று. வால்வை மீண்டும் மூடி, தளத்தின் கடைக்கோடியிலுள்ள சோதனை வால்வைத் திறந்து வைத்து, தள வால்வைச் சிறிதளவே திறந்து மெதுவாக நிரப்ப வேண்டும். கடைக்கோடியில் சீறும் காற்று நின்று நீர் இடைவிடாமல் வந்ததும் சோதனை வால்வை மூடி, அழுத்தமானியின் முள் பழைய இடத்துக்கு வந்த பிறகே தள வால்வை முழுவதும் திறக்க வேண்டும். அம்பு திறந்த நிலையைக் காட்டுவதை இரண்டாவது ஆள் ஒருவர் கண்ணால் பார்த்து, சங்கிலியிட்டுப் பூட்டி, பம்ப் பேனல் ஆட்டோவில் இருப்பதையும் ஒரு முறை பார்த்துவிட்டு, மூடிய நேரம், திறந்த நேரம், திறந்தவர் பெயர் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். வால்வருகே காவல் நின்றவரை அதற்குப் பிறகு அனுப்பலாம்.